நடுவீதியின் சிவப்புக் கோடு

கோயம்புத்தூர் ராம்நகரில் ஒரு வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து நடந்துவந்த அந்த அலுவலகத்தில் குளிர்சாதன அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மனிதர்களுக்காகக் கட்டியது அல்ல, கம்ப்யூட்டருக்காக. 1996இல் மனிதர்கள் வியர்க்கலாம், இயந்திரம் வியர்க்கக் கூடாது. இயந்திரத்தின் தயவில் அந்தக் குளிர் ஜெபராணிக்கும் கிடைத்தது. அவர் புடவைக்கு மேல் ஒரு ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு கட்டில் அகலத்துக்கு இருந்த பலகையின் முன்னால் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்தார்.

பலகையில் வரைபடத்தை ஒட்ட வேண்டும். குறுக்குக்கோடு போட்ட ஒரு கண்ணாடியை உள்ளங்கையில் பிடித்து, காகிதத்தில் இருக்கும் தெருக்களின் மேல் மெதுவாக நகர்த்த வேண்டும். திரையில் அந்தத் தெரு ஒரு பச்சைக் கோடாக எழும். இயந்திரத்துக்குத் தெரு என்றால் கோடு, தெருவும் தெருவும் சந்தித்தால் புள்ளி, அவ்வளவுதான். வீடு, மரம், கிணறு, கோயில் எதுவும் அதற்குத் தேவையில்லை. எல்லாத் தெருக்களையும் கொடுத்த பிறகு, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் மனிதர்கள் குறுக்குவழியில் போனால் எந்தத் தெருவில் அதிகம் பேர் நடப்பார்கள் என்று அது கணக்குப் போடும். அதிகம் பேர் போகும் தெருவுக்குச் சிவப்பு, யாரும் போகாத தெருவுக்கு நீலம். நகரத்தின் ஓரத்துக் கிராமங்களில் எங்கெங்கே புதிதாகப் பேருந்து விடலாம் என்று அரசுக்குக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலை அது. வீட்டிலிருந்து கால் மணி நேர நடைக்குள் பேருந்து கிடைக்கும் ஊருக்குப் புதிய தடம் கிடையாது என்பது விதி.

ஜெபராணிக்கு வயது முப்பத்திரண்டு. பஞ்சாலைத் தொழிலாளியின் மகள். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு படித்தவர். வகுப்பில் ஒரே பெண் அவர்தான் என்பதால், ஆசிரியர் வருகையைக் கூப்பிடும்போது அவர் பெயரைக் கடைசியில் வைத்து, கூப்பிட்டுவிட்டுச் சிரிப்பாராம். கல்யாணம் ஆகவில்லை. கேட்பவர்களிடம், "கோடு நேரா போடறவளுக்கு மாப்பிள்ளை கோணலாத்தான் கிடைக்கறாங்க" என்பார். அவருடைய சிற்றூரில் கிறிஸ்தவர்களின் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. இரண்டு பக்கத்திலும் அதே சிலுவைதான், அதே வசனம்தான். செத்த பிறகும் பக்கத்தில் படுக்கச் சம்மதிக்காதவர்கள் கட்டிய சுவர் அது. அவருடைய அம்மா எந்தப் பக்கம் கிடக்கிறார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சரவணம்பட்டிக்கு அப்பால் இருந்த கள்ளிமேடு என்னும் சிற்றூரின் படத்தை அவர் ஆடி மாதத்தில் முடித்தார். வண்ணப்படம் அச்சாகி வெளியே வந்தபோது அறையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். ஊரின் மேற்கே பேருந்து போகும் பெரிய ரோடு. கிழக்கே, ஓடையை ஒட்டி, காலனி. இரண்டுக்கும் நடுவில் நடுவீதி. அந்த வீதி ரத்தம் கட்டிய நரம்பு மாதிரி தடித்துச் சிவந்திருந்தது. கிழக்கே உள்ள அத்தனை பேரும் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்று இயந்திரம் சொன்னது.

அலுவலகத்தை நடத்திய பொறியாளர் வேங்கடசாமி அந்தப் படத்தைச் சுவரில் மாட்டச் சொன்னார். கள்ளிமேட்டுக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர் அவர். யாரையும் அதட்டிப் பேசாதவர். "காலனியிலிருந்து ரோட்டுக்கு நடை பத்து நிமிசம்கூட ஆகாதுங்க. இங்க புது பஸ்சு வேண்டியதில்லை," என்று சொல்லி, படத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டார்.

மறுநாள் காலையில் மாசாணியம்மாள் வழக்கம்போலத் தாமதமாக வந்தார்.

மாசாணியம்மாள் அந்த அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் வருவதற்கு முன்னால் கூட்டி முடித்திருக்க வேண்டும் என்பது பேச்சு. அவர் வந்து சேரும்போதோ இயந்திரம் ஓடத் தொடங்கியிருக்கும். புடவையின் கீழ்ப்பாதி ஈரமாக, முள் கிழித்து, சேறு ஒட்டியிருக்கும். அதைப் பிழிந்துவிட்டுத்தான் விளக்குமாற்றை எடுப்பார்.

வேங்கடசாமி அவரைச் சுவரருகே கூப்பிட்டார்.

"உங்க ஊடு இங்கதானுங்களே? ரோடு இந்தா இருக்குது. இப்படி நேரா வந்தா பத்து நிமிசம். அப்புறம் எப்படீங்க அம்மணி தினம் லேட்டு?"

மாசாணியம்மாள் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். விளக்குமாற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அது நடக்கற வழியில்லீங்க."

வேங்கடசாமி வேறு பக்கம் பார்த்தார். "இந்த மாசம் பார்ப்பேனுங்க. இல்லாட்டி வேற ஆளைத்தான் வைக்கோணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் போன பிறகு ஜெபராணி கேட்டார். "ஏன்க்கா, வீதி நல்ல அகலமாத்தானே இருக்குது? எதுக்கு ஓடைப் பள்ளத்துல இறங்கி, முள்ளுக்குள்ள சுத்தி வர்றீங்க?"

"அந்த வீதியில முனி இருக்குதுங்க."

ஜெபராணி சிரிக்கத் தொடங்கி, மாசாணியம்மாளின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அது பேயை நம்பும் முகமாக இல்லை. பேயோடு பல வருடங்களாகப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் முகமாக இருந்தது.

மதியம், டீ வந்தபோது, மாசாணியம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கு ஒரு தம்பி. பெயர் சின்னான். வெல்டிங் பட்டறையில் வேலை. முதல் சம்பளங்களைச் சேர்த்துவைத்து ஒரு சைக்கிள் வாங்கினான். காலனிக்காரர்கள் நடுவீதியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே பெரிய காரியம். அவன் ஏறி உட்கார்ந்தபடியே போனான். மணி வேறு அடித்தான். ஒரு வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள், பட்டப்பகலில், வீதியின் நடுவில் இருக்கும் புங்கமரத்தடியில் கிடந்தான்.

"கிடந்தான்னு சொல்லக் கூடாதுங்க. உக்காந்திருந்தான். மரத்துல சாஞ்சு, காலை நீட்டி, கண்ணைத் தொறந்துக்கிட்டு. சைக்கிள் பக்கத்துல ஸ்டாண்டு போட்டு நின்னுச்சு. வீதியில ஒரு ஈ காக்கா இல்லை. அங்க ஒரு கல்லு இருக்குதுங்க. முனிக்கல்லுன்னாங்க. முனி அடிச்சுப்போடுச்சுன்னாங்க. போலீசு வந்துச்சு, பார்த்துச்சு, நெஞ்சு நின்னு போச்சுன்னு எழுதிக்கிட்டுப் போயிருச்சு."

டீ ஆறிப்போயிருந்தது. அவர் அதை ஒரே மடக்கில் குடித்தார்.

"கடைசியா அவன் தலைக்குத் தண்ணி ஊத்திக் கழுவுனது நானுங்க. பின்மண்டை மெத்துன்னு இருந்துச்சு, பழுத்த பப்பாளியாட்டம். ஏனுங்க அம்மணி, நீங்க படிச்சவங்க. முனிக்குக் கை இருக்குமுங்களா?"



அது நடந்து ஆறு வருடம். அதற்குப் பிறகு காலனியிலிருந்து ஒருவரும் அந்த வீதியில் கால் வைக்கவில்லை. கடைக்கு, வேலைக்கு, பிரசவத்துக்கு, எல்லாவற்றுக்கும் ஓடைப் பள்ளம்தான். மழை பெய்தால் அதுவும் இல்லை. சின்னானின் சைக்கிளை எடுக்கக்கூட யாரும் போகவில்லை. அது அங்கேயே நிற்கிறதாம்.

உள்ளே வந்து ஜெபராணி சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். இந்தச் சிற்றூரில் அதிகக் கால்கள் படும் இடம் என்று இயந்திரம் சொன்ன தெருவில் ஆறு வருடமாகக் காலனியின் கால் ஒன்றுகூடக் கடந்து போகவில்லை. சிவப்பு மையில் ஓடியவர்கள் அத்தனை பேரும் இல்லாத மனிதர்கள். குளிர் அறையில் நின்றபடி அந்தக் கூட்டத்தை அவர் நினைத்துப் பார்த்தார்: புடவை நனையாமல், மணி அடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் வீதியை நிறைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்று முழுக்க அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்க அவருக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் வேங்கடசாமியிடம் போனார். நடுவீதியின் நடுவில் கோட்டை வெட்டிவிடலாம் என்றார். வெட்டினால் காலனி துண்டிக்கப்பட்டதாகக் கணக்கில் வரும். பஸ் கிடைக்கும். மாசாணியம்மாளின் வேலையும் தப்பும்.

"எதை வெச்சு வெட்டறது? அங்க சுவரு இருக்குதுங்களா? கேட்டு இருக்குதுங்களா?"

"இல்லைங்க சார்."

"யாரும் நடக்கக் கூடாதுன்னு பலகை ஏதாச்சும்?"

"முனி இருக்குதுன்னு சொல்றாங்க."

"முனியைப் படத்துல எந்தக் கலர்லீங்க போடறது?" என்று மெதுவாகக் கேட்டார். ஏளனமாகக் கேட்டது போலத் தெரியவில்லை. "சட்டப்படி அது பொதுவழி. தெரு தொறந்து கிடக்குது. நடக்காதது அவங்க இஷ்டம்."

அந்த வாதத்தை என்னவென்று சொல்வது? மண்டையில் அடித்துவிட்டு, வழி திறந்துதான் கிடக்கிறது என்று சொல்வதற்குப் பெயர் நடுநிலை. இந்த நாட்டில் கதவுக்குப் பூட்டுப் போட்டால்தான் குற்றம். கதவைத் திறந்துவைத்து, வாசலில் ஒரு பிணத்தை உட்காரவைத்தால் அது தெய்வத்தின் செயல்.

வேங்கடசாமிக்குத் தெரியாமல் வெட்டுவதும் ஜெபராணிக்கு எளிதுதான். ஒரு விசையை அழுத்தினால் போதும். சாயங்காலம் மாசாணியம்மாளைத் திரைக்கு முன்னால் கூட்டிவந்து காட்டினார்.

"இந்தா இருக்குது பாருங்க, உங்க வீதி. இந்த இடத்துல வெட்டிட்டா உங்களுக்கு வழியே இல்லைன்னு ஆயிரும். பஸ் உங்க காலனிக்கே வந்துரும். வெட்டட்டுங்களா?"

மாசாணியம்மாள் குனிந்து, திரையில் இருந்த கோட்டை விரலால் தொட்டார்.

"இதுலதான் அவன் போனானுங்களா?"

"ஆமாங்க்கா."

"வெட்டாதீங்க கண்ணு."

"பஸ் வேண்டாமா? வேலை போயிருமேக்கா?"

"பஸ்சு வேணும். வேலையும் வேணும். ஆனா நீங்க வெட்டிப்போட்டீங்கன்னா அவங்க சொல்றது நெசமாயிருமுங்க. இங்க வழியே இருந்ததில்லைன்னு கவர்மெண்டுப் படமே சொல்லும். அப்புறம் எந்தம்பி எங்க செத்தான்னு யாராச்சும் கேட்டா நான் எதைக் காட்டறது?"

ஜெபராணி விசையிலிருந்து கையை எடுத்தார்.

ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு எண்கள் உண்டு: நீளம், நடக்கும் நேரம். நேரத்தை, ஆட்கள் கடிகாரத்தோடு நடந்து பார்த்து எழுதிவர வேண்டும். நடந்து பார்த்த நேரம் எவ்வளவோ அதுதான் செல்லும் என்பது வேங்கடசாமியே போட்ட விதி. யாரும் நடந்து அளக்காத இடத்தில் மட்டும் நீளத்தை வைத்து இயந்திரம் தானே ஊகித்துக்கொள்ளும். நடுவீதியின் நேரம் அப்படி ஊகித்தது. அளக்கப் போன ஆள் வீதி முனையிலேயே நின்று, அங்கிருந்தவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார். உள்ளே போக வேண்டியதில்லை, நேர்வீதிதான் என்று அவர்கள் சொன்னார்களாம்.

"இந்த வீதியை யாரும் நடந்து பார்க்கலீங்க சார்," என்றார் ஜெபராணி.

வேங்கடசாமி காகிதங்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்ப நீங்களே போய் நடந்து பார்த்துட்டு வந்து எழுதுங்க."

போக மாட்டார் என்று நினைத்துச் சொன்னதுதான்.

சனிக்கிழமை நண்பகலில் ஜெபராணி காலனிக்குப் போனார், ஓடை வழியாக. மாசாணியம்மாள் துவைத்த புடவை கட்டித் தயாராக நின்றார். "நீங்க வரவேண்டியதில்லைக்கா" என்று ஜெபராணி சொன்னதற்கு, "ஒத்தையில போனா உங்க நடை மட்டும்தானுங்களே கணக்கு. நாங்க நடக்கற நேரம்தானே வேணும்?" என்றார்.

நடுவீதியின் கிழக்கு முனையில் ஜெபராணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். இருவரும் நடந்தார்கள்.

இரண்டு பக்கமும் விசைத்தறி வைத்த வீடுகள். தறிச் சத்தத்தில் பேசினால் கேட்காது. முதல் வீட்டைத் தாண்டியபோது அந்த வீட்டுத் தறி நின்றது. கரண்ட் போய்விட்டது என்று ஜெபராணி நினைத்தார். அடுத்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வாசலுக்கு வந்ததும் அதுவும் நின்றது. பிறகு எதிர்வீடு. பிறகு அதற்கடுத்தது. யாரும் வெளியே வரவில்லை. ஒரு தலையும் தெரியவில்லை. அவர்கள் போகப் போக, வீடு வீடாக, சத்தம் அணைந்துகொண்டே வந்தது. கடந்துபோன வீடுகளில் அது மறுபடி தொடங்கவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் தங்கள் செருப்பு மண்ணில் படும் ஓசையே அவர்களுக்குப் பெரிதாகக் கேட்டது. கொடியில் காய்ந்த வேட்டி ஆடியது. ஒரு வாசலில் பாதி கடித்த கொய்யாப்பழம் கிடந்தது. கடித்த இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

மாசாணியம்மாளின் கை ஜெபராணியின் முழங்கையைப் பிடித்தது.

புங்கமரத்தடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முண்டா பனியன், தோளில் துண்டு, ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதற்கு அன்றைக்குக் காலையில் பூசிய மஞ்சள்.

"ஏனுங்க அம்மணி, யாரு ஊட்டுக்குங்க?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

"யாரு வீட்டுக்கும் இல்லைங்க. ரோட்டுக்குப் போறோம்," என்றார் ஜெபராணி.

"இது ரோட்டுக்குப் போற வழிதானுங்க. ஆனா மத்தியான நேரம். முனி இருக்கற எடம். சொல்லவேண்டியது எங்க கடமைங்க. போனவங்க ரத்தம் கக்கியிருக்கறாங்க."

"நீங்க தினம் இங்கதானே இருக்கீங்க? உங்களை ஒண்ணும் பண்ணலையா?"

அவர் சிரித்தார். "எங்களை அதுக்குத் தெரியுமுங்க."

அந்த வெயிலில் ஜெபராணிக்கு, குளிர் அறையில்கூட வராத குளிர் வந்தது. ஆளைப் பார்த்து, அவன் எந்தப் பக்கத்துக்காரன் என்று விசாரித்து, பிறகு அடிக்கும் பேய். பள்ளிக்கூடத்தில் நம் குழந்தைகளுக்குப் பேய் இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறோம். இந்தப் பேய் இருக்கிறது. இதற்குக் கை உண்டு, கையில் இரும்பும் உண்டு, வாயில் தேன் போல மரியாதையும் உண்டு.

"நாங்க தடுக்கலீங்க. போங்க. அது பார்த்துக்கும்," என்றார் அவர்.

மாசாணியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மரத்துக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சைக்கிள் நின்றது, ஸ்டாண்டு போட்டபடியே. கோவைக்கொடி சக்கரக் கம்பிகளுக்குள் நுழைந்து, கைப்பிடியில் சுற்றி, மணியின் மேல் ஒரு வெள்ளைப் பூ பூத்திருந்தது. ஆறு வருடமாக ஒரு திருகாணியைக்கூட யாரும் கழற்றவில்லை. பழைய இரும்புக்காரர்கள் நடமாடும் ஊரில்.

அவர் போய்க் கொடியைப் பிய்க்கத் தொடங்கினார்.

"அம்மணி, அதைத் தொடாதீங்க." அந்த மனிதர் எழுந்துவிட்டார். குரல் முதல்முறையாக மாறியது. "நாங்களே தொட்டதில்லீங்க."

மாசாணியம்மாள் கொடியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"உங்களை அதுக்குத் தெரியுமுன்னீங்களே. அப்புறம் ஏனுங்க தொடலை?"

அந்த மனிதரின் முகம் வெளிறிப்போயிற்று. உட்காரக் கையை நீட்டி, கல்லின் மேல் கை படவும் சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார். ஆறு வருடமாக அந்த வீதியில் பயந்துகொண்டிருந்தவர்கள் காலனிக்காரர்கள் மட்டும் இல்லை என்பது ஜெபராணிக்கு அப்போது தெரிந்தது. சைக்கிள் அங்கே நின்றது அதனால்தான்.

சக்கரங்கள் சுற்றவில்லை. துரு இறுகிப்போயிருந்தது. இரண்டு பெண்களும் அதை இழுத்தார்கள். விளிம்பு மண்ணைக் கீறி, கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்தது. தறிகள் எல்லாம் நின்றுபோன வீதியில், மூடிய கதவுகளுக்கு உள்ளே இருந்த ஒவ்வொருவருக்கும் அது கேட்டிருக்கும். கொஞ்ச தூரம் இழுப்பதும், மூச்சு வாங்கி நிற்பதும், மறுபடி இழுப்பதுமாகப் போனார்கள். யாரும் தடுக்கவில்லை. யாரும் பின்னால் வரவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்க இருவருக்குமே துணிவில்லை.

பெரிய ரோடு வந்ததும் ஜெபராணி கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிட வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை அந்த நேரத்தைக் கணக்கில் ஏற்றி, புதிய படத்தை வேங்கடசாமியின் மேஜையில் வைத்தார். நடுவீதி வெட்டப்படாமல் முழுதாக இருந்தது. நடக்கும் நேரம் மட்டும் ஏறியிருந்தது. காலனி கால் மணி நேரத்துக்கு வெளியே போயிருந்தது.

"இவ்வளவு நேரமாங்க?"

"நடந்து பார்த்த நேரமுங்க சார். காலனி அக்காவும் கூட வந்தாங்க. வழியில ஒரு சாமான் இருந்துச்சு. அதையும் இழுத்துக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு."

வேங்கடசாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெருவில் ஒரு ஸ்கூட்டர் உதைபட்டு உதைபட்டுக் கிளம்பிப் போனது.

"அந்தச் சைக்கிளை எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டார்.

ஜெபராணி சைக்கிள் என்று சொல்லவே இல்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வேங்கடசாமி பழைய பென்சில் குறியை ரப்பரால் அழித்தார். நெடுநேரம் அழித்தார், காகிதம் கிழிகிற அளவுக்கு. பிறகு கையெழுத்துப் போட்டார். மாசாணியம்மாளின் தாமதத்தைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பஸ் பங்குனியில் வந்தது. காலனி முனை வரை வந்து திரும்பும் ஒரு சின்ன பஸ். ஜெபராணி அந்த அலுவலகத்தில் இன்னும் பல ஊர்களின் படங்களைப் போட்டார்: பல்லடம் பக்கம், கிணத்துக்கடவு பக்கம். சில ஊர்களில், சிவந்து தடித்த ஒரு கோட்டின் மேல் வந்ததும் கையில் இருக்கும் கண்ணாடி தானாக நிற்கும். அளந்து வந்த ஆளைக் கூப்பிட்டு, "இதுல நீங்க நடந்தீங்களா, முனையிலேயே மோர் குடிச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் சிரிக்க மாட்டார்கள்.

பஸ் வந்த சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு காலையில் மாசாணியம்மாள் நேரத்துக்கு வந்து, காய்ந்த புடவையோடு கூட்டிக்கொண்டே சொன்னார்.

"முனி எடம் மாறிப்போச்சுங்க அம்மணி."

"எங்க?"

"எங்க பஸ்சு நிக்கற எடத்துக்கு. ராத்திரியோட ராத்திரியா ஒரு கல்லு வந்திருக்குது. மஞ்சளெல்லாம் பூசி."

ஜெபராணி கையில் இருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "அப்புறம் என்னக்கா பண்ணுனீங்க?"

"கல்லு நல்ல உசரமுங்க. சைக்கிளை அதுல சாத்தி வெச்சிருக்கறோம்." மாசாணியம்மாள் மேஜைக்கு அடியில் இருந்த குப்பையை இழுத்தார். "பஸ்சு வர்ற வரைக்கும் அந்தக் கல்லு மேலதான் உக்காந்துக்கறமுங்க."